கற்கண்டுக் கல், கமர்கட்டுக் கல்

என் வயதுக்காரிகளே, இதை உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. பேரப்பிள்ளைகளிடம் ஆரம்பித்துப் பார்த்தேன். ஒரு கல்லுக்கா இவ்வளவு கதை என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற காலத்தில் பிறந்தவர்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, யாருக்காவது மனசு வந்து ஊற்றுகிற வரைக்கும் வெயிலில் காய்ந்த நமக்குத்தான் கிணறு என்றால் என்னவென்று தெரியும்.

எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. இதைச் சொல்லாமல் செத்தால் கட்டை வேகாது என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற பக்கத்தில் இருந்தது எங்கள் தெரு. யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்தி, எனக்கு ஒன்பது வயது. ஊர்க்கிணற்றில் நாங்கள் கயிறு போடக் கூடாது. ஏரியோ மாசியிலேயே சேறாகிவிடும். அந்த வருஷம் எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, மேட்டுப் புறம்போக்கில் நமக்கென்று ஒரு கிணறு என்று கடப்பாரையைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் நின்றவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

அப்பா விழுப்புரத்தில் ரயில் பாதை கேங்மேன், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அவர்தான் மாமாவை அங்கே ஒரு ஜல்லிக் குவாரியில் சேர்த்துவிட்டிருந்தார். பாறையில் தமர் அடிக்கவும், அதாவது நீளக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்துக் குழி இறக்கவும், அதில் மருந்து கெட்டித்து வேட்டு வைக்கவும் மாமா அங்கேதான் கற்றுக்கொண்டார். வேட்டு வைக்கும் முன் வாயைக் குவித்து "வேட்டேய்!" என்று மூன்று தரம் கூவுவார். மூன்றாவது கூவலை இழுத்து, ஒரு பாட்டு மாதிரி முடிப்பார். நாங்கள் பிள்ளைகள் பனைமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு, பொத்திய கைக்குள்ளேயே அந்தப் பாட்டைக் கேட்போம்.

அவருக்கு அவசரம் இருந்தது. கெடாரில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக் குடங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெருவுல ஒரு கெணறு இல்ல. இங்க அனுப்பி எம்பொண்ணு இடுப்பு ஒடியணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். "ஆனி மாசம் வாங்க, எங்க கெணத்துத் தண்ணியிலயே காலு கழுவிக்கினு உள்ள வருவீங்க" என்று மாமா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அவர் காதில் விழுந்ததா தெரியாது. எங்கள் தெரு முழுக்க விழுந்தது.

பதினைந்து அடி வரைக்கும் செம்மண்ணும் சுக்கான் கல்லும். அதற்குக் கீழே கறுப்புப் பாறை. சுத்தியலால் தட்டினால் வெண்கலம் மாதிரி கணீரென்றது. மாமா குவாரியில் எத்தனையோ கல்லைப் பார்த்தவர், அவரே திகைத்தார். மூன்று அடி இறங்குவதற்கே மூன்று வாரம் ஆனது. தமர்க் கம்பி முனை மழுங்கி மழுங்கி, உலைக்கும் கிணற்றுக்குமாக ஆள் ஓடியது. மருந்து சில சமயம் பாறையைப் பிளக்காமல் குழியின் வாய் வழியாகவே திருப்பித் துப்பிவிடும்.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கிணறு வெட்டும்போது முதல் பாறைக்கல் வந்ததும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கிழக்குப் பார்க்க மேட்டில் வைப்பார்கள். அன்றிலிருந்து தண்ணீர் காணும் வரைக்கும் கிணற்றிலிருந்து எடுத்த ஒரு துண்டுக் கல்கூடத் தெரு எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊற்றும் பின்னாலேயே போய்விடுமாம். உடைத்த கல்லெல்லாம் குழியைச் சுற்றியே குவிந்து கிடக்கும். பிள்ளைகள் விளையாட எடுத்தால்கூட முதுகில் ஒன்று விழும்.

அம்மா திண்டிவனம் போகிற ரஸ்தாவில் இருந்த டிராவலர்ஸ் பங்களாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூடப் போவேன். அந்தக் கோடையில் அங்கே கல்லு ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட ஒருவர் வந்து தங்கியிருந்தார். பட்டணத்துக் காலேஜில் வேலை. மலை மலையாக ஏறிக் கல்லை உடைத்து, மூட்டை கட்டிக்கொண்டு வருவார். செஞ்சிப் பக்கம் ஒரு பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. நடக்க முடியாமல் வராந்தாவில் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மாம்பலகைத் தட்டுகளில் கற்களை அடுக்கி, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். வலியோ என்னவோ, எல்லோர் மேலும் எரிந்து விழுவார். அந்தப் பெயிண்ட் வாசனையும், அவர் காலில் போட்டிருந்த பற்று வாசனையும் சேர்ந்து இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

ஒரு நாள் தூசி தட்டப் போய், ஒரு தட்டையே தள்ளிவிட்டேன். கற்கள் வராந்தா முழுக்க உருண்டன.

"குரங்கே! ஒரு மாச வேலை!" என்று கத்தினார். அம்மா ஓடிவந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அடிக்காதே. அவளே எடுத்து வைக்கட்டும். பழையபடி வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றார்.

நான் அழுதுகொண்டே வெள்ளையை வெள்ளையோடும், சிவப்பைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் வைத்தேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "துணியா வெளுக்கப் போறே? நிறம் அப்புறம். முதல்ல மணி இருக்கா பாரு" என்று தன் பித்தளை மூடி போட்ட லென்ஸை என்னிடம் வீசினார்.

கண்ணில் வைத்ததும் மூச்சு நின்றுவிட்டது. வெறும் கறுப்பு என்று நான் வைத்த கல்லுக்குள் மணி மணியாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, எண்ணெய் பூசினாற்போல நீலமும் பழுப்புமாக எத்தனை கண்கள்! பக்கத்தில் வைத்த இன்னொரு கறுப்பில் மணியே இல்லை. எங்கோ ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கு, அவ்வளவுதான்.

அவருக்குக் கோபம் ஆறிவிட்டதா, அல்லது வேறு ஆள் கிடைக்காமல் பேசினாரா தெரியவில்லை. "ரெண்டும் நெருப்புக் குழம்பு ஆறி இறுகினதுதான். பாகு காய்ச்சுவாங்களே, பார்த்திருக்கியா? ஆற அமர விட்டா மணி மணியா கற்கண்டு கட்டும். சட்டுனு ஆறினா கமர்கட்டு. பூமிக்கு ரொம்ப அடியில மெதுவா ஆறினது கற்கண்டு. மேல வந்தோ, வெடிப்புல புகுந்தோ அவசரமா ஆறினது கமர்கட்டு. அதை முதல்ல பிரி. அப்புறம் அதுக்குள்ள வெளுப்பு எவ்வளவு, கறுப்பு எவ்வளவுன்னு பிரி. ஒரே கறுப்பா இருந்தாலும் இது வேற, அது வேற" என்றார். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பேர் சொன்னார். ஒன்றும் நிற்கவில்லை. கற்கண்டும் கமர்கட்டும் நின்றன. மத்தியானத்துக்குள் முழுத் தட்டையும் பிரித்து வைத்துவிட்டேன். இரண்டு கல்லைத்தான் அவர் மாற்றி வைத்தார். அன்றைக்கு எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இதை நான் வீட்டில் போய் அளக்க, மாமா பிடித்துக்கொண்டார். "யக்கா, கல்லப் பாத்தே கீழ இன்னா கீதுன்னு சொல்ற ஆளு பங்களாவுல குந்திக்கினு இருக்காரு, நாம இங்க முட்டிக்கினு இருக்கறோம். தண்ணி வருமா வராதான்னு ஒரு வார்த்த கேளேன்."

அம்மா கேட்டாள். "கால் இப்படி இருக்கு, நான் எங்கே வர்றது? அடியில இருக்கிற பாறையில ஒரு துண்டு உடைச்சுக் கொண்டா" என்றார் கல்லு ஐயா.

மாமா மறுநாள் காலையிலேயே குழிக்குள் இறங்கி, கைப்பிடி அளவு ஒரு துண்டை உடைத்து, யாருக்கும் தெரியாமல் அம்மாவின் முந்தானையில் முடிந்துவிட்டார். கட்டுப்பாடு எல்லாம் அவருக்கு ஒரு பேஜாரு. "ஜல்தி போய்ட்டு வாக்கா" என்றார். அம்மா தெரு எல்லை வரைக்கும் வந்தாள். அங்கே நின்றாள். திரும்பிக் கிணற்று மேட்டைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. முந்தானையை அவிழ்த்து, அந்தத் துண்டை வேலியோரம் எல்லைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

ஏரிக்கரை வழியாகத்தான் பங்களாவுக்குப் போக வேண்டும். மதகை ரிப்பேர் செய்ய அங்கே கல்லை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு கறுப்புத் துண்டைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள்.

"யம்மா, இது கெணத்துக்கல்லு இல்லியே."

"கருப்புன்னா கருப்புதான். மனுசங்களுக்குத்தான் சாதி வச்சிருக்கானுங்க, கல்லுக்குமா? வாய மூடிக்கினு வா. ஊத்து போய்ட்டா ஒம்மாமனுக்கு எவ பொண்ணு தருவா?"

கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் திருப்பினேன். மணி மணியாக மின்னிற்று. அது கற்கண்டு. வேலியோரம் கிடந்தது கமர்கட்டு. தெருவிலேயே, ஏன், அந்தத் தாலுகாவிலேயே அதைப் பார்த்ததும் சொல்லக்கூடிய பிள்ளை அன்றைக்கு நான் ஒருத்திதான்.

கல்லு ஐயா அதை வாங்கி லென்ஸை வைத்துப் பார்த்தார். நாக்கில் ஈரம் தொட்டுத் தடவி மறுபடியும் பார்த்தார். அம்மா வராந்தா மூலையில் துடைப்பத்தோடு நின்றாள். அவர் அம்மாவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"கிணத்துக்குள்ள இருந்த பாறையில உடைச்சதுதானே பாப்பா? மேலே கிடந்த கல் இல்லையே?"

துடைப்பம் நின்றது.

"ஆமாங்க. கெணத்துலதாங்க" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். "இந்தப் பக்கம் பூரா இருக்கிற கல்லுதான் இது. கெட்டியா இருந்தாலும் அங்கங்கே விரிசல் ஓடும், விரிசல்ல தண்ணி இருக்கும். இன்னும் பத்தடி தைரியமா இறங்கச் சொல்லு" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக் கல்லின் மேல் ஒட்டித் தட்டில் வைத்தார். அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு மல்லாட்டைக் கடலை வாங்கித் தந்தாள். நானும் தின்றேன்.

மாமா பத்தடி இறங்கத் துணிந்தார். மறுபடியும் அதே கணீர்ச் சத்தம், அதே மழுங்கின கம்பி. அடுத்த வாரத்தில் இரண்டு தமர்க் குழிகள் புஸ்ஸென்று போயின. மூன்றாவது குழிக்கு மருந்து வைத்த அன்று நான் கேப்பைக்கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியான வேளைக்குப் போனேன். பனைமரத்தடியில் எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். "வேட்டேய்!" மூன்று தரம். மூன்றாவதன் பாட்டு. திரி புகைந்தது, அணைந்தது. சத்தம் வரவில்லை.

வேட்டு வெடிக்காவிட்டால் கிணற்றுக்குள் அரை நாள் இறங்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரே மாமாதான். "இரு மச்சான், இருடா" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வைகாசி முடியப் போகிறது. "இதுவும் துப்பிட்டுதுடா. இந்தக் கல்லு என்னிய ஏமாத்திக்கினே கீது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். போகும்போது என் கூழ்ச் சட்டியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்து, "எனக்கு வைய்யி, தோ வர்றேன்" என்றார்.

கயிற்றில் பாதி இறங்கியிருப்பார். நான் காதைப் பொத்தவில்லை.

மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்கு ஓட்டினார்கள். ஏரிக்கரை தாண்டுவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மூடி வைத்த கூழ் மறுநாள் வரைக்கும் பனைமரத்தடியில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் கல்லு ஐயா வந்தார். கோலை ஊன்றி, விந்தி விந்தி, அவ்வளவு தூரம். கிணற்றடியில் தெரு முழுக்க நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். லென்ஸை வைத்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. அதையும் கீழே போட்டார்.

"இது பாறை இல்லை, சுவர்" என்றார். "பழைய பாறையோட வெடிப்புல கீழேயிருந்து குழம்பு ஏறி, நிமிர்ந்து நிக்கிற சுவர். எவ்வளவு ஆழம் போனாலும் இதேதான். மேட்டுப் பக்கத்துலேர்ந்து வர்ற தண்ணி இதுல முட்டி நின்னுக்கிட்டிருக்கும். மேற்கால பத்து கஜம் தள்ளி வெட்டினா..."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா ஐயா? எறங்குன்னு சொல்லி அனுப்பினது நீங்கதான?" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் நாலு நாள் கன்றிப்போயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தாடையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"நீங்க அனுப்பின கல்லை நான் சரியா பார்க்கலை. தப்பு என்னோடதுதான்" என்றார்.

ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து அவர் முதுகில் உடைந்தது. துடைத்துக்கொள்ளாமலே திரும்பிப் போனார். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஏரி மதகருகில் நின்றார். கோலைக் கீழே போட்டுவிட்டு, உடைத்துப் போட்டிருந்த கல்லிடம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு பங்களாவில் அவருக்குப் பால் ஊற்ற ஆள் போகவில்லை, சமைக்கிறவன் நின்றுவிட்டான். இரண்டு நாளில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். காலியான அறையைப் பெருக்க அம்மாவோடு போனேன். ஜன்னல் கட்டையில் ஒரே ஒரு கல் இருந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்த கல். அவர் எல்லாச் சீட்டும் இங்கிலீஷில்தான் எழுதுவார். இது தமிழில் இருந்தது. "தெருக் கிணறு" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே குண்டு குண்டாக "ஏரி மதகு" என்று எழுதியிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னாடி எழுதிக்கீது?" என்றாள் அம்மா.

"நம்பருமா" என்றேன். இது இரண்டாவது பொய்.

அவர் அன்றைக்கே நடந்ததைச் சொல்லியிருந்தால் எங்கள் தெரு அம்மாவை என்ன செய்திருக்கும் என்று எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகுதான் யோசிக்கத் தெரிந்தது. அதற்குள் அவர் எந்த ஊரில் இருந்தாரோ, இருந்தாரோ இல்லையோ. முகம் மறந்துவிட்டது. காலில் போட்டிருந்த பற்றுதான் ஞாபகம் இருக்கிறது.

பாழுங்குழியை முள் வெட்டிப் போட்டு மூடினார்கள். உச்சி வேளையில் உள்ளேயிருந்து தமர் அடிக்கிற சத்தம் கேட்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். எனக்குத் தமர்ச் சத்தம் கேட்டதில்லை. கூவல்தான் கேட்கும். இரண்டு கேட்கும், மூன்றாவதற்காகக் காத்திருப்பேன். இன்றைக்கும் கூழ் காய்ச்சினால் கேட்கிறது. கெடார்ப் பெண்ணை வேறு எங்கோ கொடுத்துவிட்டார்கள். மேற்கால பத்து கஜம் என்று கல்லு ஐயா சொன்னதை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஆளைக் கொன்றவன் பேச்சை யார் கேட்பார்கள்? யுத்தம் வந்து, அரிசிக்குக் கார்டு வந்து, யுத்தமும் முடிந்து, அது வரைக்கும் நாங்கள் ஊர்க்கிணற்றடியில்தான் நின்றோம். அப்புறம்தான், அந்தச் சாவை நேரில் பார்க்காத சின்னப் பையன்கள் சிலர் வீம்புக்கு, அவர் சொன்ன அந்த இடத்திலேயே வெட்டினார்கள். பதினெட்டாவது அடியில் தண்ணீர். எங்களுக்குள் இளநீர்க் கிணறு என்றே அதற்குப் பேர்.

அம்மா அதில் ஒரு வாய் குடிக்கவில்லை. கடைசி வரைக்கும் ஏரிக்கும் ஊருக்கும் நடந்தாள். கேட்டால், "அது உப்புத் தண்ணி" என்பாள். தெருவே சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். என்னை விழுப்புரத்தில் ரயில்வேக்காரருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்தால் அம்மா குடிக்கிற தண்ணீரையே நானும் குடிப்பேன். நானும் அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. விழுப்புரத்தில் தண்டவாளத்தை ஒட்டித்தான் வீடு. ஜல்லியை மிதித்து நடக்கும்போதெல்லாம் கண் தானாகப் பிரிக்கும். இது கற்கண்டு. இது கமர்கட்டு. வேண்டாமென்றாலும் நிற்காது.

அம்மா போன அன்றைக்கு நான் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள், குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வந்துவிட்டார்கள். மேளத்தோடு போய், பக்கத்திலிருக்கிற அந்தக் கிணற்றிலேயே மொண்டு வந்திருந்தார்கள். வேண்டாம், வேறு தண்ணீர் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டேன். குடம் குடமாக அம்மாவின் தலையில் ஊற்றினார்கள். அவள் முகத்தில் வழிந்து, மூடிய உதட்டின் மேல் ஓடிற்று.

எல்லோரும் நகர்ந்த பிறகு குடத்தின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். "ஆமாங்க" என்று சொன்ன அதே வாயால் குடித்தேன். உப்பு இல்லை, கண்ணுகளா. ஒரு துளி உப்பு இல்லை.